சன்ரூஃப் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்து வீட்டிலேயே சரிசெய்வது எப்படி

பழைய கார் ஒன்றை வாங்கிய முதல் ஐப்பசியில், இரவு முழுக்கப் பெய்த மழைக்கு மறுநாள் காலை, இடதுபக்க முன் இருக்கையின் கீழே கார்பெட் ஊறிப்போய்க் கிடந்தது. கையால் அழுத்தினால் தண்ணீர் வந்தது. காட்டிய முதல் ஒர்க்‌ஷாப்பில் சன்ரூஃபை, அதாவது கூரையில் திறந்து மூடும் கண்ணாடி அமைப்பை, மொத்தமாக மாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார்கள். இரண்டு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணாடியை முழுதாகத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடியைச் சுற்றி ஓடும் கால்வாயின் முன்மூலையில் புளிய இலைகள் மக்கி, களிமண் போல இறுகிக் கிடந்தன. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். முன்சக்கரத்துக்குப் பின்னால் தரையில் சொட்டத் தொடங்கியது. கோளாறு அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் பலரின் வண்டிகளைப் பார்த்துவிட்டேன். சன்ரூஃபில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி உடைந்து போனதால் வருவதில்லை. அழுக்கு சேர்ந்ததாலும் ரப்பர் காய்ந்ததாலும் வருகிறது. இரண்டையும் வீட்டு வாசலில் வைத்தே சரிசெய்யலாம். எதைத் தொடலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்

சன்ரூஃபின் ரப்பர் தண்ணீரை முழுதாகத் தடுப்பதற்காக வைக்கப்பட்டதல்ல. வீட்டு மொட்டைமாடியை நினைத்துக்கொள்ளுங்கள். மாடியில் விழும் மழையை வாட்டம் கொடுத்துக் குழாய் வழியாகத்தானே கீழே இறக்குகிறோம்? குழாய் வாயில் வேப்பிலை அடைத்தால் தண்ணீர் தேங்கிச் சுவரில் ஓதம் ஏறும். சன்ரூஃபும் அப்படித்தான். கண்ணாடி ஓரத்து ரப்பர் பெரும்பாலான மழையை வெளியே தள்ளிவிடும். அதைத் தாண்டி உள்ளே இறங்கும் கொஞ்சம் தண்ணீர், கண்ணாடிக்குக் கீழே சுற்றிவர ஓடும் கால்வாயில் விழும். அதன் மூலைகளில் துளைகள் இருக்கும். அந்தத் துளைகளிலிருந்து சுண்டுவிரல் பருமனுள்ள குழாய்கள் காரின் தூண்களுக்குள் இறங்கி வெளியே திறக்கின்றன. வழக்கமாக நான்கு குழாய்கள். முன்னிரண்டும் முன்கண்ணாடியோரத் தூண் வழியாக இறங்கி, முன்கதவுக் கீலின் பக்கமோ முன்சக்கரத்துக்குப் பின்னாலோ வெளியேறும். பின்னிரண்டும் பின்தூண் வழியாக இறங்கி, பின்சக்கரத்துப் பக்கமோ பின்பம்பருக்குப் பின்னாலோ வெளியேறும்.

இது புரியாததால்தான் பலர் ஒழுகியதும் சிலிகான் பேஸ்ட்டை வாங்கிக் கண்ணாடியைச் சுற்றி அப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கண்ணாடி ஒட்டிக்கொள்ளும். தெரியாமல் யாராவது சுவிட்சை அழுத்தினால் மோட்டார் இழுத்து, கண்ணாடியை நகர்த்தும் கேபிள் போகும். பேஸ்ட் வழிந்து கால்வாய்த் துளையில் இறங்கினால், அதுவரை இல்லாத அடைப்பும் சேர்ந்துகொள்ளும்.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

நல்ல டார்ச், பழைய பனியன் துணி, மென்மையான பல் துலக்கும் பிரஷ், காது குடையும் பஞ்சுக்குச்சி, கார் ஷாம்பு, மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட், பெரிய சிரிஞ்சு ஒன்று. குழாய் அடைப்பை எடுக்க, புல் வெட்டும் மிஷினில் போடும் 2 மில்லிமீட்டர் நைலான் நரம்பு இரண்டு மீட்டர். ரப்பருக்கு சிலிகான் கிரீஸ். இது ஆர்.ஓ. பழுதுபார்க்கும் கடைகளிலும் பிளம்பிங் கடைகளிலும் சின்ன டப்பாவில் கிடைக்கும்.

தேங்காய் எண்ணெய், வாஸலின், கடையில் கிடைக்கும் துரு நீக்கும் ஸ்பிரே, என்ஜின் ஆயில் எதுவும் ரப்பரின் மேல் வேண்டாம். சன்ரூஃப் ரப்பர் பெரும்பாலும் இ.பி.டி.எம். என்ற வகை. வெயிலையும் மழையையும் நன்றாகத் தாங்கும். ஆனால் பெட்ரோலியம் சார்ந்த எண்ணெய் பட்டால் உப்பி, வடிவம் கெட்டு, தளர்ந்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவிய அன்று பளபளப்பாகத்தான் இருக்கும். ஒரு வாரத்தில் தெருப்புழுதி முழுவதும் அதில் ஒட்டியிருக்கும்.

கால்வாய்க்குள் கை வைக்கும்போது சாவி அணைந்திருக்கட்டும். குழந்தைகள் வண்டிக்குள் உட்கார்ந்து சுவிட்சோடு விளையாடக் கூடாது. ஏணியைக் காரின் மேல் சாய்க்காமல், உறுதியான ஸ்டூல் போட்டு ஏறுங்கள்.

அறிகுறி: கார்பெட் ஈரம், கூரைத் துணியில் கறை, விளக்கிலிருந்து சொட்டு

அதிகம் பேருக்கு வருவது இதுதான். அதிகம் பணம் வீணாவதும் இதில்தான். அதனால் பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில், தண்ணீர் சன்ரூஃபிலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்யுங்கள். மழையே இல்லாத நாளில், ஏ.சி. போட்டு நீண்ட தூரம் ஓட்டிய பிறகு முன்பக்கக் கால் வைக்கும் இடம் நனைகிறதா? அப்படியானால் பெரும்பாலும் ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது, சன்ரூஃபுக்கு அதில் பங்கில்லை. ஏ.சி. போட்டு நிறுத்திய காரின் அடியில் வழக்கமாகத் தரையில் தெரியும் தண்ணீர்த் திட்டு காணாமல் போயிருந்தால் சந்தேகம் உறுதி. கூரைத் துணியும் தூண்களும் காய்ந்திருக்க, கதவின் அடியோரம் மட்டும் ஈரமாக இருந்தால் கதவு பீடிங்கையும் (ஓரத்து ரப்பர் பட்டை) கதவின் அடித்துளைகளையும் பாருங்கள்.

சன்ரூஃப் என்றால் தடயம் மேலே இருக்கும். வெயில் மறைப்பான் மாட்டியிருக்கும் இடம், கூரை விளக்கைச் சுற்றி, தூணின் உச்சி ஆகியவற்றை விரலால் தொட்டுப் பாருங்கள். பிரேக் போடும்போது விளக்கின் ஓரத்திலிருந்து தண்ணீர் கொட்டினால், கால்வாயில் தேங்கிய தண்ணீர் வண்டி முன்னே சாய்ந்ததும் விளிம்பைத் தாண்டுகிறது என்று அர்த்தம். வண்டியை நிறுத்தும் சரிவும் முக்கியம். மூக்கு இறங்கிய நிலையில் நிறுத்தினால் முன் குழாய்களே முழுப் பாரத்தையும் சுமக்கும். மூக்கு ஏறிய நிலையில் நிறுத்தினால் பின் குழாய்கள். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் தண்ணீர் நின்றால் பின் குழாய்களைச் சந்தேகப்படுங்கள்.

சரி, இப்போது வேலை. கண்ணாடியை முழுதாகத் திறந்து சாவியை அணையுங்கள். கால்வாயில் கிடக்கும் இலை, மண், பூச்சி எல்லாவற்றையும் முதலில் கையால் எடுங்கள். பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவத் தோன்றும். வேண்டாம், அந்த அழுக்கு நேராகக் குழாய்க்குள் போய்விடும். வேக்குவம் கிளீனர் இருந்தால் நல்லது, மேலிருந்தே உறிஞ்சி எடுங்கள்.

முன்மூலைத் துளைகள் எளிதில் தெரியும். பின்மூலைத் துளைகள் கண்ணாடி பின்னால் போய் மறைக்கும் இடத்தில் இருக்கும். சில கார்களில் அவற்றைக் கண்ணால் பார்க்கவே முடியாது. அங்கே சிரிஞ்சில் மீன்தொட்டி காற்றுக்குழாய் ஒரு துண்டைச் செருகித் தண்ணீரை உள்ளே விடலாம்.

சோதனையை ஒவ்வொரு மூலையாகச் செய்யுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரைத் துளையின் பக்கத்தில் மெல்ல ஊற்றுங்கள். ஒருவர் ஊற்ற, இன்னொருவர் காரின் கீழே பார்ப்பது வசதி. எங்கே வெளியே வருகிறது, எவ்வளவு வேகமாக வருகிறது என்று கவனித்து இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் சட்டென்று இறங்கி, மறுபக்கம் கால்வாயில் குளம் கட்டினால் அடைப்பு அங்கேதான். ஊற்றிய தண்ணீர் கீழே வராமல் காருக்குள் எங்காவது இறங்கினால் உடனே நிறுத்துங்கள். அது வேறு கதை, கீழே சொல்கிறேன்.

அடைப்பை எடுக்க நைலான் நரம்பின் நுனியைத் தீக்குச்சியில் காட்டி, உருகியதும் சின்ன உருண்டையாக்குங்கள். கூர்மையான நுனி குழாயைக் கிழித்துவிடும். இதே காரணத்துக்காகத்தான் சைக்கிள் பிரேக் ஒயர், குடைக்கம்பி எதையும் விடக் கூடாது என்கிறேன். உருண்டை நுனியைத் துளைக்குள் விட்டு, சுழற்றிச் சுழற்றித் தள்ளுங்கள். வளைவுகளில் நிற்கும். பலம் கொடுக்காமல் கொஞ்சம் பின்னே இழுத்துத் திரும்பவும் தள்ளுங்கள். அடைப்பு இளகியதும், வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு கலந்து சிரிஞ்சால் விடுங்கள். அப்புறம் நல்ல தண்ணீர்.

மேலே எல்லாம் சுத்தமாக இருந்தும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் கீழ்முனையைப் பாருங்கள். பல கார்களில் குழாயின் முடிவில், பூச்சி ஏறாமல் இருக்க, உதடு போன்ற ரப்பர் மூடி இருக்கும். அந்த உதட்டில் சேறு ஒட்டிக் காய்ந்திருக்கும். முன்கதவைத் திறந்து கீல் பக்கம் தேடினால் சில வண்டிகளில் கைக்கு எட்டும். இரண்டு விரலால் மெல்லப் பிசைந்தால் ஒரு வாய் கறுப்புத் தண்ணீர் கொட்டும். அதைப் பார்க்கும்போது வரும் நிம்மதியே தனி.

பங்ச்சர் கடை காற்றுக்குழாயை வைத்து ஒரே அடியாக அடைப்பை எடுத்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். இதைக் கேட்காதீர்கள். குழாய் கால்வாயின் முனையில் பெரும்பாலும் வெறுமனே செருகப்பட்டிருக்கும். காற்றழுத்தத்தில் அது கழன்றுவிட்டால், அடுத்த மழையின் தண்ணீர் முழுவதும் கூரைத் துணிக்குள் கொட்டும். காற்று விட்டே ஆக வேண்டும் என்றால் சைக்கிள் பம்பின் மெல்லிய காற்று போதும்.

ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்கினால் குழாய் கழன்றிருக்கிறது அல்லது கிழிந்திருக்கிறது. இதற்குக் கூரைத் துணியை இறக்க வேண்டும். பல கார்களில் தூண்களின் மேலும் கூரை ஓரமாகவும் பக்கவாட்டு ஏர்பேக்குகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அந்தப் பிளாஸ்டிக் மூடிகளை ஸ்குரூ டிரைவரால் நெம்பித் திறப்பது ஆபத்து, திரும்பச் சரியாகப் பொருத்தாவிட்டால் விபத்தின்போது ஏர்பேக் ஒழுங்காக விரியாமல் போகலாம். இந்த வேலையை ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். ஆனால் "ஒழுகுகிறது" என்று மட்டும் சொல்லாமல், "வலது முன்மூலையில் ஊற்றினால் தூணுக்குள் இறங்குகிறது, மற்ற மூன்றும் நன்றாக வருகின்றன" என்று சொல்லுங்கள். பழுதின் இடம் தெரிந்துவிட்டால், மொத்தமாக மாற்ற வேண்டும் என்ற பேச்சுக்கு இடம் குறைந்துவிடும்.

அடைப்பு நீங்கியதோடு வேலை முடியவில்லை. கார்பெட்டுக்கு அடியில் தடித்த பஞ்சு இருக்கும். மேலே காய்ந்தாலும் அது பல நாள் ஈரமாகவே இருக்கும். நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது. தகடு துருப்பிடிப்பதும், இருக்கைக்கு அடியில் ஓடும் ஒயர் இணைப்புகள் பச்சை பூப்பதும் அந்த ஈரத்தால்தான். கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் செய்தித்தாளைச் சுருட்டிச் செருகுங்கள். ஊறியதும் மாற்றிக்கொண்டே இருங்கள். டேபிள் ஃபேன் ஒன்றை அந்தப் பக்கம் திருப்பி வையுங்கள். வெயில் நாளில் நான்கு கதவையும் திறந்து போடுங்கள். அடிப்பஞ்சை அழுத்தி விரல் நனையாத வரை தரைவிரிப்பைத் திரும்பப் போடாதீர்கள்.

கூரைத் துணியில் மஞ்சள் வளையமாகக் கறை விழுந்திருந்தால் ஷாம்பு நுரையை மட்டும் துணியில் எடுத்து ஒற்றி ஒற்றித் துடையுங்கள். தேய்க்கக் கூடாது, ஊற வைக்கவும் கூடாது. துணிக்குப் பின்னால் இருக்கும் பஞ்சும் பசையும் ஊறினால் துணி தொங்கிவிடும். கறை இருக்கும் இடத்தில் மட்டும் துடைத்தால் அங்கே புது வளையம் விழும், அதனால் அந்தப் பகுதி முழுவதையும் ஒரே ஈரத்தில் துடையுங்கள்.

அறிகுறி: மூடியிருக்கும்போதே விசில் சத்தம்

வேகம் கூடும்போது தலைக்கு மேலே மெல்லிய ஊதல் கேட்டால், கண்ணாடிக்கும் கூரைக்கும் நடுவில் எங்கோ காற்று நுழைகிறது. சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் கூரையில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டிலேயே வருடக்கணக்காக இருக்கும் ரப்பர் இறுகுவது இயல்பு.

எங்கே என்று கண்டுபிடிக்கப் பத்து ரூபாய் நோட்டு ஒன்று போதும். நோட்டை ரப்பரின் மேல் வைத்துக் கண்ணாடியை மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் பிடிப்போடு வர வேண்டும். சுற்றி ஒவ்வொரு சாணுக்கும் இப்படிப் பார்த்தால், நோட்டு வழுக்கிக்கொண்டு வரும் இடம்தான் விசில் அடிக்கும் இடம்.

அங்கே ரப்பரைத் தொட்டுப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்து, மண் ஒட்டியிருந்தால் ஷாம்புத் தண்ணீரில் துடைத்து, முழுதாகக் காயவிட்டு, சிலிகான் கிரீஸை விரல் நுனியில் எடுத்து மிக மெல்லியதாகத் தேயுங்கள். பளபளவென்று தெரியும் அளவுக்குப் பூசினால் அதிகம். கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ரப்பருக்கு மீண்டும் வளையும் தன்மை வந்து, ஒட்டிக்கொண்டு திறக்கும்போது வரும் 'பட்' சத்தமும் போய்விடும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: சில கார்களில் ரப்பரின் மேல் வெல்வெட் போல மெல்லிய பஞ்சுப்பூச்சு இருக்கும். அந்தப் பகுதியில் கிரீஸ் வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

ரப்பரின் இரு முனைகளும் சேரும் இடத்தில் ஒட்டு விட்டுச் சின்ன இடைவெளி தெரிந்தால், சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, இன்ஸ்டன்ட் பசை ஒரே ஒரு சொட்டு விட்டு அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அதிகம் விட்டால் அந்த இடம் கல்லாகி, கண்ணாடியோடு உரசிச் சத்தம் தரும். ரப்பர் சுருங்கி முனைகள் விலகியே போய்விட்டாலும், நீளவாக்கில் கிழிந்திருந்தாலும் ஒட்டிப் பயனில்லை. உங்கள் மாடலுக்கான புது பீடிங் வாங்குங்கள்.

ரப்பர் நன்றாக இருந்தும் விசில் வந்தால் கண்ணாடியின் உயரத்தைப் பாருங்கள். வெளியிலிருந்து விரலைக் கூரையிலிருந்து கண்ணாடிக்கு நகர்த்துங்கள். முன்விளிம்பு கூரையோடு சமமாகவோ அதைவிட 1 மில்லிமீட்டர் வரை தாழ்ந்தோ இருக்கலாம். பின்விளிம்பு சமமாகவோ 1 மில்லிமீட்டர் வரை உயர்ந்தோ இருக்கலாம். முன்விளிம்பு தூக்கிக்கொண்டிருந்தால் எதிர்க்காற்று நேராக அதில் மோதி ஊதும். உள்ளே கண்ணாடிக்குக் கீழே இருக்கும் வெயில் திரையைப் பின்னால் தள்ளினால், கண்ணாடியைப் பிடித்திருக்கும் நட்சத்திரத் தலை ஸ்குரூக்கள் இரு பக்கமும் தெரியும். சில மாடல்களில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருக்கும். முதலில் பழைய நிலையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த மூலையின் ஸ்குரூக்களை மட்டும் அரைச் சுற்று தளர்த்தி, கண்ணாடியைக் கையால் அழுத்திச் சமம் பார்த்து இறுக்குங்கள். மணிக்கட்டு பலம் போதும், முழங்கை வரை போக வேண்டாம். கழற்றிவிடவும் கூடாது. எல்லா மூலைகளையும் ஒரே நேரத்தில் தளர்த்திவிட்டால், எது எங்கே இருந்தது என்று திரும்பக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

அறிகுறி: திறந்து ஓட்டினால் காதை அடைக்கும் 'தும் தும்'

இது பழுதாகவே இல்லாமலும் இருக்கலாம். காலி பாட்டில் வாயில் ஊதினால் 'பூம்' என்று வருமே, அதே இயற்பியல்தான். கார் முழுவதும் பாட்டில், சன்ரூஃப் அதன் வாய். பின் கண்ணாடி ஒன்றை இரண்டு விரல் அளவு இறக்கினாலோ, சன்ரூஃபைக் கொஞ்சம் மூடினாலோ உடனே நின்றுவிடும்.

முன்பு இல்லாமல் புதிதாக வந்திருந்தால் காற்றுத் தடுப்பைப் பாருங்கள். கண்ணாடி திறந்ததும் முன்விளிம்பில் எழுந்து நிற்கும் பட்டையோ வலையோ அது. இரண்டு ஓரத்திலும் ஸ்பிரிங் கைகள் இருக்கும். புழுதி இறுகி ஒரு பக்கம் எழாமல் கிடந்தால் அது வேலை செய்யாது. பிரஷால் தேய்த்து, கைகளை மேலும் கீழும் பத்து முறை ஆட்டி விடுங்கள்.

அறிகுறி: மேடுபள்ளத்தில் கிறீச், கடகட

கிறீச் என்பது காய்ந்த ரப்பர். கடகட என்பது தளர்ந்த ஏதோ ஒன்று. இப்படிப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பக்கத்தில் ஒருவரை ஓட்டச் சொல்லி நீங்கள் கையால் தேடுங்கள். கண்ணாடியை உள்ளிருந்து மேலே அழுத்தினால் சத்தம் நின்றால் ஸ்குரூ தளர்வு அல்லது ரப்பர். திரையைப் பிடித்ததும் நின்றால் திரையின் ஓரம் ஆடுகிறது, அங்கே மெல்லிய ஒட்டுப்பஞ்சு ஒரு துண்டு போதும். கூரை விளக்குப் பெட்டியை அழுத்தினால் நிற்கிறதா? அதன் கிளிப். கூலிங் கிளாஸ் வைக்கும் பெட்டிக்குள் கிடந்த சில்லறையைக் கண்டுபிடிக்க ஒரு நண்பரும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்தோம். அதனால் அதை முதலிலேயே திறந்து பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: திணறித் திறக்கிறது, அல்லது மூடும்போது பாதியில் திரும்புகிறது

இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்: கண்ணாடி நகரும் ரெயில். மூடும்போது கை, தலை மாட்டினால் திரும்பித் திறக்கும் பாதுகாப்பு வசதி உண்டு. ரெயிலில் மண் இருந்தால், அந்தத் தடையை யாரோ ஒருவரின் கை என்று நினைத்து மோட்டார் பின்வாங்குகிறது.

முழுதாகத் திறந்து, இரு பக்க ரெயிலிலும் கறுத்துப்போன பழைய கிரீஸைப் பாருங்கள். மணலும் கிரீஸும் கலந்தால் உப்புத்தாள் மாதிரிதான். பனியன் துணியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்துத் துடையுங்கள். இடுக்குகளுக்குப் பஞ்சுக்குச்சி. ஸ்பிரிட் பெயின்ட் மேல் வழிய வேண்டாம். துணி வெள்ளையாக வரும் வரை துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்குக் கேடு செய்யாத கிரீஸை மெல்லிய கோடாகப் போடுங்கள். நகரும் துண்டுகள் பிளாஸ்டிக், ரெயில் பெரும்பாலும் அலுமினியம் என்பதால், சக்கர பேரிங்குக்குப் போடும் கனமான கிரீஸ் இங்கே பொருந்தாது. எந்தக் கிரீஸ் என்று உங்கள் காரின் கையேடு சொன்னால் அதையே போடுங்கள். பிறகு நான்கைந்து முறை திறந்து மூடி, பிதுங்கி வந்ததைத் துடைத்துவிடுங்கள்.

அப்படித் திறந்து மூடும்போது இரு பக்கமும் ஒரே சீராக நகர்கிறதா என்று கவனியுங்கள். ஒரு பக்கம் முன்னேயும் மறுபக்கம் பின்னேயும் கோணலாகப் போனால் ஒரு கேபிள் பல் தாண்டிவிட்டது. மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையாமல் 'டக் டக்' என்றால் பல் தேய்ந்திருக்கிறது. இந்த இரண்டிலும் சுவிட்சைத் தொடர்ந்து அழுத்துவது சேதத்தைப் பெருக்கும். அங்கேயே நிறுத்துங்கள்.

அறிகுறி: பேட்டரி மாற்றிய பிறகு ஒரே தொடலில் திறப்பதில்லை

இதில் பழுது எதுவும் கிடையாது. பேட்டரியைக் கழற்றியதும், கண்ணாடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற நினைவு கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து போய்விடுகிறது. திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

ஹூண்டாய், கியா கார்கள் பலவற்றில் முறை இதுதான்: என்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை முழுதாக மூடி சுவிட்சை விடுங்கள். மூடும் திசையில் சுவிட்சைச் சுமார் 10 விநாடி அழுத்திப் பிடித்தால் கண்ணாடி லேசாக அசையும். விட்டுவிடுங்கள். உடனே அதே திசையில் மறுபடி அழுத்திப் பிடித்தால், கண்ணாடி தானாகவே முழுதாகத் திறந்து திரும்ப மூடும். அது முடியும் வரை விரலை எடுக்கக் கூடாது. நடுவில் எடுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மற்ற நிறுவனங்களின் கார்களில் நேரமும் வரிசையும் வேறுபடும், கையேட்டில் சன்ரூஃப் பகுதியின் கடைசியில் பாருங்கள். கற்றுக்கொடுக்கும் நேரத்தில் கை மாட்டினால் திரும்பும் பாதுகாப்பு வேலை செய்யாமல் இருக்கலாம். தலையும் கையும் தள்ளியே இருக்கட்டும்.

அறிகுறி: சுவிட்சுக்கு எந்த அசைவும் இல்லை

ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறப் படத்தில் சன்ரூஃபின் ஃபியூஸைக் கண்டுபிடித்து எடுத்துப் பாருங்கள். உள்ளிருக்கும் கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். பெரியது போட்டால் ஒயர் எரியும். போட்டதும் மறுபடி போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

திறந்த நிலையில் நின்றுவிட்டு மழையும் வந்துவிட்டால்? சில மாடல்களில் கூரை விளக்குப் பெட்டிக்குள், மோட்டாரின் நடுவில், அறுகோணச் சாவி போட்டுக் கையால் சுற்றி மூடும் துளை உண்டு. கையேட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள், மழையில் நின்றுகொண்டு தேட முடியாது. இல்லாத வண்டிக்கு, தடித்த பாலிதீன் தாளைக் கூரையை நன்றாகத் துடைத்துக் காயவைத்த பின் அகல டேப்பால் ஒட்டி, மெதுவாக ஓட்டிப் போங்கள். மறுநாளே டேப்பை எடுத்துவிடுங்கள். வெயிலில் பசை பெயின்டோடு இறுகிவிடும்.

கண்ணாடியில் கல் பட்ட தடம்

முன்கண்ணாடியில் பட்ட சின்னத் தடத்தில் பிசின் விட்டு நிரப்புவார்கள், அது இரண்டு அடுக்குக் கண்ணாடி. சன்ரூஃப் பெரும்பாலும் ஒற்றை அடுக்கு கெட்டிக் கண்ணாடி. ஆழமான தடமோ ஓர விரிசலோ விழுந்தால் நிரப்ப முடியாது, ஒருநாள் சட்டென்று முழுதும் சின்னத் துண்டுகளாக நொறுங்கும். மாற்றும் வரை திறக்காதீர்கள், திரையை மூடியே வையுங்கள்.

எப்போது செய்வது

மாதத்துக்கு ஒருமுறை துணியால் துடைத்தால் போதும். முழுச் சுத்தமும் குழாய்ச் சோதனையும் வருடத்துக்கு இரண்டு முறை. வேம்பு பூத்து உதிர்ந்து முடிந்ததும் ஒன்று, ஆடிக்காற்றுப் புழுதி அடங்கிய பிறகு, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் புரட்டாசியில் ஒன்று. புளி, தூங்குமூஞ்சி மரங்களின் கீழ் நிறுத்துகிறவர்கள் இன்னும் கொஞ்சம் அடிக்கடி பாருங்கள். அவற்றின் சிற்றிலை கால்வாய்த் துளைக்குள் நேராக இறங்கும் அளவுக்குச் சிறியது. நிழலுக்காக அங்கேதான் நிறுத்துவோம், அதில் தவறில்லை.

வாட்டர் வாஷுக்கு விடும்போது, அழுத்தத் தண்ணீரைக் கண்ணாடி ஓரத்துக்கு நேராக, அருகில் வைத்து அடிக்க வேண்டாம் என்று அங்கிருக்கும் தம்பியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வண்டியை எடுக்கும்போது கண்ணாடியை உடனே திறக்காதீர்கள், விளிம்பில் நிற்கும் தண்ணீர் இருக்கையில் கொட்டும். கூரையை ஒருமுறை துடைத்துவிட்டுத் திறங்கள்.